டிஎன்எஸ் மாற்ற வரலாற்றைச் சேமித்து வைப்பது எப்படி

"போன செவ்வாய்க்கிழமை மதியம் நம் எம்எக்ஸ் ரெக்கார்டு எங்கே காட்டிக்கொண்டிருந்தது?" எம்எக்ஸ் என்பது மின்னஞ்சல் போய்ச் சேர வேண்டிய சர்வரைச் சொல்லும் பதிவு. இணையப் பெயர்களை முகவரிகளாக்கும் அமைப்பான டிஎன்எஸ்ஸிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இந்த நொடியின் நிலை மட்டும்தான். ஒரு டொமைனின் ரெக்கார்டுகள் அடங்கிய தொகுப்பான ஸோனில் புதிய சீரியல் எண் (பதிப்பு எண்) ஏறியவுடன் பழைய உள்ளடக்கம் போய்விடும். நமக்காகக் கேட்டுச் சொல்லும் ரிசால்வர்களின் கேஷில் (தற்காலிக நினைவில்) மிச்சமிருப்பதும், அதற்குக் குறித்த ஆயுளான டிடிஎல் தீர்ந்தால் மறைந்துவிடும். வரலாறு வேண்டுமென்றால் நாம்தான் எழுதி வைக்க வேண்டும், அதுவும் சிக்கல் வருவதற்கு முன்பே.

மணிக்கு ஒருமுறை கேட்டு, வந்த பதிலைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போனால் போதும் என்று தோன்றும். ஆறு மாதம் கழித்து அதை ஒரு தகராறில் ஆதாரமாக எடுத்து வைக்கும்போது, "ரெக்கார்டு உண்மையிலேயே நீக்கப்பட்டதா, உங்கள் கேள்விதான் போய்ச் சேரவில்லையா?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்கு நிற்காத சேமிப்பால் பயனில்லை. ஆகவே ரெக்கார்டோடு அதைப் பார்த்த விவரத்தையும் சேமியுங்கள்: எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த சர்வரிடம் கேட்டோம், என்ன குறியோடு பதில் வந்தது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் இந்த ஒன்றைச் சரியாகச் செய்வதற்கானவை.

சொந்த ஸோன்: கேட்காமலே வாங்குங்கள்

ஸோன் உங்கள் கையில் இருந்தால், கேள்வி அனுப்பித் துருவ வேண்டியதில்லை. காப்பகத்திற்கென்றே ஒரு இரண்டாம் நிலை சர்வரை வையுங்கள். பொதுமக்களின் கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வேண்டாம், டொமைனின் சர்வர்களைச் சொல்லும் என்எஸ் பட்டியலிலும் இருக்க வேண்டாம். முதன்மை சர்வரில் அதன் முகவரிக்கு நோட்டிஃபை (மாற்ற அறிவிப்பு) அனுப்பும்படி அமைத்து, இரு சர்வர்களுக்கும் பொதுவான ரகசியமான டிசிக் சாவியால் பூட்டி, ஐஎக்ஸ்எஃப்ஆர் என்ற பரிமாற்ற முறை வழியாக மாற்றங்களை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். நோட்டிஃபையும் ஐஎக்ஸ்எஃப்ஆரும் 1996 முதல் தரநிலைகளாக இருப்பவை. பைண்ட், நாட் போன்ற பழகிய டிஎன்எஸ் சர்வர் மென்பொருள்கள் இரண்டையும் அறியும்.

பைண்ட் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 9.9 பதிப்பிலிருந்து இரண்டாம் நிலை ஸோன்களை அது பைனரி வடிவில்தான் எழுதுகிறது. கோப்பைத் திறந்தால் குப்பை போலத் தெரியும். ஸோன் அமைப்பில் மாஸ்டர்ஃபைல் வடிவத்தை டெக்ஸ்ட் என்று மாற்றுங்கள், அல்லது நேம்ட்-கம்பைல்ஸோன் கருவியால் உரையாக்குங்கள். நாட் சர்வரில் வேலை இன்னும் எளிது: மாற்றங்களைக் குறித்து வைக்கும் கோப்பான ஜர்னலில் இருக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும், என்ன சேர்ந்தது என்ன போனது என்று, கேஜர்னல்பிரிண்ட் கருவி வரிசையாக அச்சிட்டுக் காட்டும்.

ஜர்னலையே காப்பகம் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். அதற்கு அளவு வரம்பு உண்டு. நிரம்பினால் பழையது போய்விடும். நிமிடத்திற்கு ஒருமுறை ஓடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்து, சீரியல் மாறியிருந்தால் ஜர்னலின் புதிய பகுதியையும் முழு ஸோனையும் வெளியே எடுத்து கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் கமிட் செய்யுங்கள். கமிட் குறிப்பில் சீரியல் எண்ணை எழுதுங்கள். முழு ஸோனை மட்டும் எடுத்தால், ஒரே நிமிடத்தில் செய்து திருப்பிப் போட்ட மாற்றம் தடயமில்லாமல் போகும். ஜர்னலில் அது இருக்கும்.

ஸோன் கிளவுட் சேவையில் இருந்தால் ஏபிஐ வழியாக முழுப் பட்டியலையும் இறக்கிச் சேமிக்கலாம். யார் மாற்றினார் என்பதை டிஎன்எஸ் ஒருபோதும் சொல்லாது. அதற்கு சேவையின் தணிக்கைப் பதிவு வேண்டும். அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53 பயன்படுத்துவோர் பலர் அதன் தணிக்கைப் பதிவான கிளவுட்டிரெயிலில் சிங்கப்பூர் வட்டாரத்தைத் திறந்து தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று மூடிவிடுகிறார்கள். ரூட் 53 உலகளாவிய சேவை என்பதால் அதன் பதிவுகள் வட வர்ஜீனியா வட்டாரத்தில்தான் விழும். அதுவும் நிகழ்வு வரலாற்றுப் பக்கத்தில் 90 நாள் மட்டுமே இருக்கும். டிரெயில் ஒன்றை உருவாக்கி உங்கள் சேமிப்புக்குத் திருப்பிவிட்டால்தான் அதற்குப் பிறகும் கிடைக்கும்.

பிறர் பெயர்கள்: பட்டியல் போட்டுக் கேட்பது

வாடிக்கையாளர்களின் டொமைன்கள், உங்கள் நிறுவனம் சார்ந்திருக்கும் சேவைகள், ஆவணப்படுத்த விரும்பும் தமிழ் அமைப்புகளின் தளங்கள் ஆகியவற்றுக்கு ஸோன் கோப்பு கிடைக்காது. சிங்கப்பூரின் .எஸ்ஜி ஸோனும் பொதுவில் திறந்துவிடப்படுவதில்லை. பெயர்ப் பட்டியலை நீங்களே தயாரித்து, நேரடியாகக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு சர்வர், முழு ஸோனையும் தரும் ஏஎக்ஸ்எஃப்ஆர் முறைக்குத் திறந்து கிடக்கிறது என்பதற்காக அதை இழுக்காதீர்கள். தவறுதலாகத் திறந்து வைத்த கதவு அழைப்பாகாது. இங்கே சிங்கப்பூரில் கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டமும் இருக்கிறது.

கேட்கும்போது பொது ரிசால்வரை நடுவில் வைக்காதீர்கள். கூகல், கிளவுட்ஃபிளேர் ரிசால்வர்கள் தருவது கேஷில் உள்ள பதில். டிடிஎல் குறைந்துகொண்டே வரும், பழைய மதிப்பு நீடிக்கும். ரிகர்ஷன் (மற்ற சர்வர்களிடம் கேட்டுச் சொல்வது) கேட்கும் குறியை அணைத்துவிட்டு, அந்த டொமைனின் அதிகாரபூர்வ சர்வர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே கேளுங்கள். பதிலில், அதிகாரபூர்வப் பதில் என்பதைக் காட்டும் ஏஏ குறி இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் உங்கள் இணைப்பை ஒருமுறை சோதியுங்கள். சில அலுவலக நெட்வொர்க்குகளும் வீட்டு ரவுட்டர்களும் போர்ட் 53இல் போகும் எதையும் வழியில் பிடித்துத் தாமே பதில் சொல்லிவிடும். 192.0.2.1 என்ற முகவரிக்கு ஒரு டிஎன்எஸ் கேள்வி அனுப்பிப் பாருங்கள். அது எடுத்துக்காட்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட முகவரி, அங்கே எந்த சர்வரும் கிடையாது. பதில் வந்தால் நடுவில் யாரோ இருக்கிறார்கள். அந்த இணைப்பிலிருந்து எடுத்த எதுவும் காப்பகத்திற்கு உதவாது.

ஒவ்வொரு டொமைனுக்கும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். .எஸ்ஜி சர்வர்களிடம் கேட்டால் ஒப்படைப்புப் பக்கத்து (டொமைனை அதன் சர்வர்களிடம் விடும் மேல்பக்கத்து) என்எஸ், டொமைனின் கையொப்பச் சாவியைச் சுட்டும் டிஎஸ், தேவைப்பட்ட இடத்தில் குளூ முகவரிகள் (அந்த சர்வர்களின் ஐபி) கிடைக்கும். டொமைனின் சொந்த சர்வர்களிடம் கேட்டால் அவர்கள் பக்கத்து என்எஸ். இரண்டும் ஒத்துப்போகாமல் மாதக்கணக்கில் கிடப்பது சர்வசாதாரணம். ஹோஸ்டிங் மாறிய பிறகு பழைய சர்வர் தன் பழைய ஸோனை வைத்துக்கொண்டு பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே வரிசையில் கலந்து எழுதினால், பிற்காலத்தில் எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. மேல்பக்க என்எஸ் பதிலில் ஏஏ குறி இராது என்பதையும் உங்கள் நிரல் ஏற்க வேண்டும்.

எந்த வகைகளைக் கேட்பது? எஸ்ஓஏ (ஸோனின் தலைமை விவரம்), என்எஸ், ஏ, ஏஏஏஏ (இரண்டும் ஐபி முகவரிகள்), எம்எக்ஸ், டிஎக்ஸ்டி (உரை), சிஏஏ (சான்றிதழ் தர யாருக்கு அனுமதி என்பது), டிஎன்எஸ்கீ (கையொப்பச் சாவி) என்று எட்டு வகை பெரும்பாலான தேவைக்குப் போதும். ஒரே கேள்வியில் எல்லாம் கிடைக்கட்டும் என்று ஏஎன்ஒய் கேட்காதீர்கள். 2019இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 8482, அதற்கு ஒப்புக்கு ஒரு சிறு பதில் மட்டும் தர சர்வர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. டபிள்யூடபிள்யூடபிள்யூ, மெயில் போன்ற துணைப்பெயர்களையும், போலி மின்னஞ்சலைத் தடுப்பதற்கான, அடிக்கோட்டில் தொடங்கும் டிமார்க் பெயரையும் பட்டியலில் சேருங்கள். மின்னஞ்சல் கையொப்ப முறையான டிகிம்மின் செலக்டர்களை (சாவியின் பெயர்களை) ஊகிக்க முடியாது. அந்த டொமைனிலிருந்து வந்த ஒரு மின்னஞ்சலின் தலைப்பில் கையொப்ப வரியைப் பார்த்தால் செலக்டர் பெயர் இருக்கும்.

கணக்கு இப்படி வரும்: 500 பெயர், 8 வகை, 3 சர்வர் என்றால் ஒரு சுற்றுக்கு 12,000 கேள்வி. நொடிக்கு 10 என்று மெதுவாக அனுப்பினால் 20 நிமிடத்தில் முடியும். மணிக்கு ஒரு சுற்று என்றால் நாளுக்கு 288,000 பதில். பதிலுக்கு 300 பைட் வைத்துக்கொண்டால் சுமார் 86 எம்பி. சுருக்கினால் இன்னும் வெகுவாகக் குறையும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் எதிர்ப்பக்க சர்வரின் வேகக் கட்டுப்பாடு உங்கள் கேள்விகளைக் கைவிடத் தொடங்கும், அது உங்கள் பதிவில் ரெக்கார்டு காணாமல் போனதைப் போல விழும். ஒரே ஹோஸ்டிங் நிறுவனத்தின் சர்வரில் பல வாடிக்கையாளர்கள் இருப்பார்கள் என்பதால், கேள்விகளை டொமைன் வரிசையில் அனுப்பாமல் கலைத்துப் போடுங்கள்.

இல்லை என்பதில் எத்தனை வகை

இந்த இடத்தில்தான் பெரும்பாலான காப்பகங்கள் கெட்டுப்போகின்றன. வெறும் பதில் வந்தது என்று எழுதினால் அதற்குள் குறைந்தது ஐந்து வேறு நிலைகள் ஒளிந்திருக்கும். என்எக்ஸ்டொமைன் என்றால் அந்தப் பெயரே இல்லை. நோடேட்டா என்றால் பெயர் இருக்கிறது, கேட்ட வகை இல்லை. பதில் குறியீடு வெற்றி என்றே இருக்கும், பதில் பகுதி காலியாக, எஸ்ஓஏ மட்டும் கூடவே வரும். சர்வ்ஃபெயில் என்றால் சர்வருக்கே கோளாறு. ரெஃப்யூஸ்ட் என்றால் அந்த ஸோன் தன்னிடம் இல்லை என்றோ உங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்றோ பொருள். நேரம் கடந்துபோவது கடைசி வகை. அதிலிருந்து எதையும் முடிவுகட்ட முடியாது.

முதல் இரண்டை மட்டுமே நீக்கம் என்று பதியலாம். மற்ற மூன்றும் அந்த நேரத்தில் தெரியவில்லை என்று பதிய வேண்டியவை. இவை வந்தால் 5 நொடி, 30 நொடி, 5 நிமிடம் என்று இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு முயற்சியையும் எழுதுங்கள். கடைசியில் வெற்றி கிடைத்தாலும் முந்தைய தோல்விகளை அழிக்க வேண்டாம்.

வழக்கமான யுடிபி வழியில் வந்த பதிலில் டிசி குறி வந்தால் பதில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். முழுப் பதிலும் வரக்கூடிய டிசிபி வழியில் திரும்பக் கேட்க வேண்டும். 2020ஆம் ஆண்டு டிஎன்எஸ் கொடி நாளுக்குப் பிறகு பரிந்துரைக்கப்படும் யுடிபி அளவு 1232 பைட். மின்னஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற சர்வர்களைச் சொல்லும் எஸ்பிஎஃப், பல சேவைகளின் உரிமைச் சரிபார்ப்பு வரிகள் எல்லாம் குவிந்த டிஎக்ஸ்டி தொகுப்பு எளிதில் அதைத் தாண்டும். டிசியைப் பார்க்காத நிரல், பாதி ரெக்கார்டுகள் இன்று நீக்கப்பட்டன என்று எழுதும், நாளை திரும்ப வந்தன என்று எழுதும்.

ஒப்பிடும் முன் ஒழுங்கு

ஒரே பதில் இரண்டு முறை ஒரே மாதிரி வராது. ஏ ரெக்கார்டுகளின் வரிசை சுழலும், எழுத்துகளில் பெரியது சிறியது கலந்து வரும், நீண்ட டிஎக்ஸ்டி 255 பைட் துண்டுகளாக உடைந்திருக்கும். ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) எடுப்பதற்கு முன் பெயர்களைச் சிற்றெழுத்தாக்கி, இறுதிப் புள்ளியோடு முழுப் பெயராக எழுதி, தொகுப்புக்குள் வரிசைப்படுத்துங்கள். இதற்கு ஆர்எஃப்சி 4034இல் உள்ள முறையான வரிசையே நல்ல அளவுகோல். டிஎக்ஸ்டியின் உள்ளே இருக்கும் எழுத்துகளைத் தொடாதீர்கள். அங்கே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. தெரியாத ரெக்கார்டு வகை வந்தால் ஆர்எஃப்சி 3597இன் பதினாறடி எண் வடிவில் அப்படியே வையுங்கள்.

ரெக்கார்டுகளை உறுதிப்படுத்தும் ஆர்ஆர்சிக் கையொப்பங்கள் தாமாகவே புதுப்பிக்கப்படும். உடனுக்குடன் கையொப்பமிடும் சேவைகளில் கேள்விக்கு ஒன்று புதிதாக வரும். இவற்றை ஹாஷில் சேர்த்தால் தினமும் மாற்றம் நடந்ததாகக் காட்டும். கையொப்பத்திலிருந்து அல்காரிதத்தையும் சாவி எண்ணையும் மட்டும் பிரித்து வையுங்கள். டிஎஸ், டிஎன்எஸ்கீ இரண்டையும் முழுமையாகச் சேமியுங்கள், அவற்றில் வரும் மாற்றம் உண்மையான மாற்றம்.

சீரியல் எண் மாறவில்லை என்றால் ஸோன் மாறவில்லை என்று குறுக்குவழி போட வேண்டாம். ரூட் 53இல் சீரியல் 1 என்றே நிற்கும். ஆண்டு மாதம் நாள் என்று எழுதுபவர்கள் உண்டு, யூனிக்ஸ் நேரத்தை எழுதுபவர்கள் உண்டு; .காம் இரண்டாம் வகை. சீரியல் 32 பிட் வளையத்தில் சுழல்வதால், எண் குறைந்திருந்தாலும் அது புதியதாக இருக்கலாம்.

இந்த ஒழுங்குபடுத்திய வடிவத்தை நம்பி மூலத்தை வீசிவிடாதீர்கள். சர்வர் அனுப்பிய பதிலை, பைட் மாறாமல், சுருக்கி ஒரு பக்கம் வையுங்கள். ஒழுங்குபடுத்தும் நிரலில் பிழை இருந்தது என்று ஒரு வருடம் கழித்துத் தெரிந்தால், மூலத்திலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கணக்கிடலாம்.

தமிழ்ப் பெயர்கள்

.சிங்கப்பூர் என்ற மேல்நிலைப் பெயர் 2011 முதல் இருக்கிறது. டிஎன்எஸ்ஸுக்குள் அது எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு இணைகோட்டோடு போகும் பியூனிகோட் வடிவில்தான் பயணிக்கும். காப்பகத்தில் அந்த வடிவமே திறவுகோலாக இருக்கட்டும். தமிழ் எழுத்து வடிவத்தைப் படிப்பதற்காகப் பக்கத்தில் தனிப் புலத்தில் வையுங்கள். பெயர்ப் பட்டியலைத் தட்டச்சிடும்போது என்எஃப்சி இயல்பாக்கம் கட்டாயம் செய்ய வேண்டும். 'கொ' என்பதில் உள்ள குறி ஒரே குறியீடாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. என்எஃப்சி இதை ஒன்றாக்கிவிடும். ஆனால் 'கௌ' என்பதற்குப் பதில் யாராவது கொம்போடு ளகரம் சேர்த்து 'கெள' என்று அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. அது முறைப்படி வேறு பெயர். நம் ஆட்களில் பாதிப் பேர் இப்படித்தான் அடிக்கிறோம் என்பதால் பட்டியலில் இதைக் கண்ணால் தேடித் திருத்துங்கள்.

அட்டவணை

தனி ஆளுக்கோ சிறு நிறுவனத்திற்கோ எஸ்கியூலைட் தரவுத்தளம் போதும். இரண்டு அட்டவணை வையுங்கள். முதலாவதில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வரி: நேரம், கேட்ட இடம், சர்வரின் பெயரும் ஐபியும், பெயர், வகை, பதில் குறியீடு, ஏஏ, டிசி, எடுத்த மில்லிநொடி, உள்ளடக்க ஹாஷ். ஒரே முகவரியில் பல இடங்களில் இயங்கும் எனிகாஸ்ட் சர்வர்களில் எந்தக் கிளை பதில் சொன்னது என்பதைக் காட்டும் என்எஸ்ஐடியும் கிடைத்தால் சேருங்கள். ஒரே முகவரியில் பழைய பதிலும் புதிய பதிலும் மாறி மாறி வரும்போது அதுதான் குழப்பத்தைத் தீர்க்கும். இரண்டாவது அட்டவணை இடைவெளிகளுக்கானது: இந்த சர்வரில் இந்தப் பெயருக்கு இந்த உள்ளடக்கம் முதலில் தெரிந்த நேரம், கடைசியாகத் தெரிந்த நேரம்.

ஒரு மதிப்பு போய்விட்டுத் திரும்ப வந்தால் புதிய வரி எழுதுங்கள். பழைய வரியின் கடைசி நேரத்தை நீட்டினால், நடுவில் மூன்று நாள் வேறொரு முகவரி இருந்தது மறைந்துபோகும். பிறருக்குப் போகும் டிஎன்எஸ் பதில்களைக் கவனித்துச் சேர்க்கும் 'பாசிவ் டிஎன்எஸ்' தரவுத்தளங்கள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. முதல் நேரம், கடைசி நேரம், எண்ணிக்கை மூன்றையும் பார்த்துத் தொடர்ச்சியாக இருந்தது என்று முடிவுசெய்யக் கூடாது.

மாற்றம் நடந்த நேரம் என்று ஒரே நேரத்தைச் சொல்லாதீர்கள். பழையது கடைசியாகத் தெரிந்த நேரத்திற்கும் புதியது முதலில் தெரிந்த நேரத்திற்கும் இடையில் எப்போதோ மாறியிருக்கிறது. அறிக்கையில் இரண்டையும் எழுதுங்கள்.

ஏ கேட்டதற்கு சிநேம் (வேறொரு பெயரைச் சுட்டும் ரெக்கார்டு) வந்து, அதற்குப் பின்னால் சிடிஎன் (உள்ளடக்க விநியோக நெட்வொர்க்) முகவரிகள் வந்தால், அந்த முகவரிகளை நீங்கள் கேட்ட பெயரின் கீழ் எழுதக் கூடாது. சிநேம் மட்டுமே அந்தப் பெயருக்குச் சொந்தம். சிடிஎன் முகவரிகள் கேட்கும் இடத்தைப் பொறுத்தும் மாறும். சிங்கப்பூரிலிருந்து எடுத்தது சிங்கப்பூருக்கான விடை மட்டுமே.

நேரம் முழுவதும் உலகப் பொது நேரமான யுடிசியில் இருக்கட்டும். சிங்கப்பூரில் நாம் 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், காலை 8 மணிக்கு முன் நடந்த மாற்றம் யுடிசியில் முந்தைய நாள் தேதியில் விழும். நாள்வாரியாகக் கோப்பு பிரிப்பவர்கள் அறிக்கை எழுதும்போது இதில்தான் தடுமாறுவார்கள். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஒத்திசைவு நின்றுபோனால் அதையும் பதியுங்கள்.

மேல்நிலை ஸோன்கள்

எல்லா மேல்நிலைப் பெயர்களையும் பட்டியலிடும் ரூட் ஸோனை யார் வேண்டுமானாலும் இறக்கலாம். சில எம்பி அளவுதான், பழகிக்கொள்ள ஏற்றது. ஏஎக்ஸ்எஃப்ஆர் வழியாக எடுத்தால் முதல் ரெக்கார்டும் கடைசி ரெக்கார்டும் ஒரே எஸ்ஓஏவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது. 2023 முதல் ரூட் ஸோனில் முழு ஸோனுக்குமான ஹாஷைத் தாங்கிய ஸோன்எம்டி ரெக்கார்டும் இருப்பதால், எடுத்த கோப்பு முழுமையானதா என்று கணக்கிட்டே சரிபார்க்கலாம். ஸ்வீடனின் .எஸ்இ, சுவிட்சர்லாந்தின் .சிஎச் ஸோன்களும் பொதுவில் திறந்தவை. பொதுவான மேல்நிலைப் பெயர்களுக்கு இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பான ஐகேனின் சிஇசட்டிஎஸ் சேவையில் விண்ணப்பிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் ஒருமுறைதான் இறக்கலாம், அனுமதிக்கும் காலாவதி உண்டு; காலாவதித் தேதிகளை நாள்காட்டியில் போட்டு வைக்காவிட்டால் காப்பகத்தில் ஓட்டை விழும்.

இரண்டு நாள் கோப்புகளை ஒப்பிட யூனிக்ஸின் சார்ட், காம் கருவிகள் போதும். இரண்டு கோப்பையும் சி லோக்கேலில் (பைட் மதிப்பின்படி) வரிசைப்படுத்துங்கள். ஒன்று வேறு லோக்கேலில் வரிசையானால் காம் தரும் வித்தியாசம் முழுக்கப் பொய்யாக இருக்கும். .காம் போன்ற பெரிய ஸோனுக்கு, சார்ட் தற்காலிகக் கோப்பு எழுத, ஸோனின் அளவுக்கும் மேலாகக் காலி இடம் வேண்டும். இறக்கிய கோப்பின் வரி எண்ணிக்கை நேற்றையதைவிட 1 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தால் ஒப்பீட்டை நிறுத்திக் கண்ணால் பாருங்கள். ஸோனிலிருந்து ஒரு பெயர் மறைந்தால் அது கைவிடப்பட்டது என்று எழுதக் கூடாது. ஹோல்ட் (நிறுத்திவைத்த) நிலையில் இருக்கலாம், பதிவு நீக்கப்பட்ட பின்னான 30 நாள் மீட்புக் காலத்தில் இருக்கலாம், என்எஸ் எடுக்கப்பட்டிருக்கலாம்.

எவ்வளவு அடிக்கடி

நாளுக்கு ஒருமுறை எடுக்கும் படத்தில் மணிக்கணக்கு மாற்றங்கள் விழாது. 2019 ஏப்ரலில் சிஸ்கோவின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான டேலோஸ் வெளிப்படுத்திய 'சீ டர்ட்டில்' தாக்குதலில் என்எஸ் ரெக்கார்டுகள் சில நிமிடம் முதல் சில நாள் வரை மட்டுமே மாற்றப்பட்டிருந்தன. சான்றிதழ் வாங்கவும் கடவுச்சொல் திருடவும் அது போதுமானதாக இருந்தது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் கேட்காமல், ஒப்படைப்புப் பக்கத்து என்எஸ்ஸையும் டிஎஸ்ஸையும் 5 நிமிடத்திற்கு ஒருமுறையும், எம்எக்ஸையும் ஏவையும் மணிக்கு ஒருமுறையும், மற்றவற்றை நாளுக்கு ஒருமுறையும் கேளுங்கள். வழங்கப்படும் இணையச் சான்றிதழ்களைப் பொதுவில் பதியும் சான்றிதழ் வெளிப்படைத்தன்மைப் பதிவுகளில் உங்கள் டொமைன்களுக்கு வரும் புதிய சான்றிதழ்களையும் அதே தரவுத்தளத்தில் சேருங்கள். இரண்டு சுற்றுக்கு இடையில் நடந்து முடிந்த கடத்தலுக்கு அதுவே தடயமாக மிஞ்சும்.

வைத்திருப்பதும் விட்டுவிடுவதும்

நாள்தோறும் மூலக் கோப்பை மூடி, எஸ்எச்ஏ-256 எடுத்து, அந்த ஹாஷில் முந்தைய நாளின் ஹாஷையும் சேர்த்துச் சங்கிலியாக்குங்கள். ஹாஷ் பட்டியலை வேறு கணக்கில், வேறு ஆளின் பொறுப்பில் வையுங்கள். வாரத்துக்கு ஒரு முழுப் படம், நடுவில் மாற்றங்கள் மட்டும் என்ற முறை நன்றாக ஓடும். மாற்றக் கோப்புகளை மட்டும் நம்பினால், நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின் உள்ள அத்தனையும் போச்சு.

டிஎன்எஸ் தரவில் ஆட்களின் விவரமும் ஒளிந்திருக்கும். எஸ்ஓஏவின் இரண்டாம் புலம் ஒரு மின்னஞ்சல் முகவரி. ஐபியிலிருந்து பெயரைத் தரும் ரிவர்ஸ் ஸோன்களில் ஊழியர்களின் பெயர் தாங்கிய மடிக்கணினிகள் வரும். சிங்கப்பூரின் 2012ஆம் ஆண்டு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தேவை தீர்ந்த தனிநபர் தகவலை வைத்திருக்க விடுவதில்லை. அலுவலகத்தின் உள் ஸோன்களைப் பொதுக் காப்பகத்தோடு கலக்காமல் தனியே வைத்து, எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதி, அதன்படி நீக்குங்கள். நீக்கியதற்கும் ஒரு வரி பதியுங்கள், இல்லையென்றால் பின்னர் பார்ப்பவருக்கு அது தரவு இழப்பாகத் தெரியும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு பழைய தேதியைத் தேர்ந்தெடுத்து, அன்று பிற்பகல் 3 மணிக்கு ஒரு டொமைனின் முழு ஸோன் எப்படி இருந்தது என்று மூலக் கோப்புகளிலிருந்து மட்டும் மீட்டெடுத்து, ஸோன் கோப்பைச் சரிபார்க்கும் நேம்ட்-செக்ஸோனில் ஓட்டிப் பாருங்கள். அது பிழை காட்டினால் முதலில் வெட்டப்பட்ட டிஎக்ஸ்டி பதில்களையும், சிநேமோடு கலந்துபோன ஏ ரெக்கார்டுகளையும் தேடுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.